சிவப்பில்லாத வீடு

ஆ ஹுவாட்டின் விரலில்தான் யோலந்தா முதன்முதலாக அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தாள். வீட்டின் மரவேலை, பெயின்ட் வேலை எல்லாவற்றையும் குத்தகைக்கு எடுத்திருந்த ஆள் அவர். சாயங்காலம் வேலை முடிந்து வாசற்படியைத் தாண்டி அஞ்சடி நடைபாதைக்கு வந்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். கையோடு ஒரு மிட்டாயையும் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். பினாங்கில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தீட்டு ஒட்டாமலிருக்க, சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவது இந்த நூலும் மிட்டாயும்தான்.

"அங்கிள், யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டாள் யோலந்தா.

ஆ ஹுவாட்டுக்கு மிட்டாய் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "சோய்! சோய்! யாரும் இல்ல மிஸ். இந்த வாசல்ல நின்னுக்கிட்டு ஏன் இப்படி அபசகுனமாப் பேசுறீங்க?"

"அப்ப கைல என்ன நூலு?"

"சும்மாலா. விரல் வலி."

விரல் வலிக்கு நூல் சுற்றுகிற வைத்தியத்தை யோலந்தா கேள்விப்பட்டதில்லை. சரி, வயதானவர், ஏதோ கை மருந்தாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் பார்த்தால் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கும் விரல் வலி. அதற்கு மறுநாள் மெத்தை கொண்டுவந்து இறக்கிய லாரிக்காரனுக்கும் விரல் வலி வந்துவிட்டது. ஊரில் புதிதாக ஏதாவது நோய் பரவுகிறதா என்றுகூட யோசித்தாள்.

யோலந்தா தியோ பூலாவ் தீக்கூஸ் பக்கத்துப் பெண். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்தே கத்தோலிக்கக் குடும்பம். கான்வென்ட் பள்ளி, அப்புறம் மெல்போர்னில் உள்ளலங்காரப் படிப்பு. திரும்பி வந்து ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்து ஹோட்டல் அறைகளாக வரைந்து தள்ளினாள். வருகிற முதலாளிகள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பழைய பினாங்கு மாதிரி இருக்கணும். அப்படியென்றால் சிவப்பு விளக்கு, சிவப்பு மெத்தை, சுவரில் வாயைப் பிளந்த ஒரு டிராகன். பத்துக் கட்டடம் என்றால் பத்தும் ஒரே சோப்பு டப்பாவிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். சீனர் வீடு என்றாலே சிவப்புதானா, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகம் கிடையாதா என்று அவள் கேட்டால், "உனக்கு வியாபாரம் தெரியாது" என்பார்கள். ஒருநாள் ரோஷம் வந்து வேலையை விட்டாள். தனியாகப் பெயர்ப்பலகை மாட்டினாள். அந்தப் பலகையைப் பார்த்து வந்த முதல் ஆள்தான் சியா பூன் தெக்.

ஸ்டூவர்ட் சந்தில் மூன்று கடை வீட்டு அகலத்துக்கு நிற்கும் சியா வீடு அவருடையது. அவருடையது என்றால் பாதி. வீட்டை ஒன்பது சர்வீஸ் அபார்ட்மென்டாக மாற்ற வேண்டும் என்றார். இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள், தொழிற்சாலை வேலையாக வருகிறவர்கள் என்று மாதக்கணக்கில் தங்க ஊரில் ஆட்கள் உண்டு. அவர்களுக்குக் கட்டில், சின்ன அடுப்படி, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் கதவைத் திறந்ததும் இது சியா வீடு என்று தெரிய வேண்டும்.

"எங்கம்மா இருந்தப்ப வீடு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கணும், யோலந்தா. அழகுக்குச் சொல்லல. வேற காரணம் இருக்கு."

காரணத்தை முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார். வீடு அம்மாவின் சொத்து. இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி எழுதிவைத்திருந்தாள். மூத்தவள் குவாட் நியோ. அவர் வாயில் எப்போதும் 'துவா சி'தான், மூத்த அக்கா. இளம் வயதில் அவள் கடலுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் ரயில்வேயில் வேலை பார்த்த, வெள்ளைக்காரக் கலப்பில் வந்த ஒரு செரானிக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். இனி என் வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொன்னார். சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அம்மா செத்தபோது அவள் கப்பலேறி இந்தக் கரைக்கு ஓடிவந்தாள். அப்பா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். சவப்பெட்டி வெளியே வருகிற வரைக்கும் அவள் அஞ்சடியில் நின்றாள். அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

"நான் அப்பப்ப போய்ப் பாப்பேன். சோறு போடுவா, சிரிப்பா, நல்லாத்தான் பேசுவா. வீட்டப் பத்திப் பேசினா மட்டும் எந்திரிச்சுப் போயிடுவா. இப்ப ஒரு வழியா ஒத்துக்கிட்டா. வேலை முடியட்டும், ஒரு தடவ வந்து பாக்கிறேன். உள்ள கால் வைக்க மனசு வந்தா கையெழுத்துப் போடறேன். வரலேன்னா வித்துடுவோம், இத்தோட விடு, அப்படின்னா."

வாங்க ஆள் தயாராக இருந்தது. முன்சுவரை மட்டும் முகமூடி மாதிரி நிறுத்திவிட்டு, பின்னால் எல்லாவற்றையும் இடித்துக் கண்ணாடிப் பெட்டி கட்டுகிற கூட்டம். ஆக, ஒரு கிழவி படியைத் தாண்டுவாளா மாட்டாளா என்பதில்தான் வீட்டின் உயிர் இருந்தது. யோலந்தாவின் பிழைப்பும் அங்கேதான் இருந்தது.

வீட்டில் பார்த்துச் செய்ய ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. செதுக்கிய மரத்தடுப்பு, தரைக்கல், நடு முற்றம் மட்டும் இருந்தன. தளவாடங்கள் எப்போதோ போய்விட்டன. யோலந்தா மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு அலமாரியை ஆ ஹுவாட் நெம்பித் திறந்தார். உள்ளே நீலமும் வெள்ளையுமாகப் பீங்கான் சாமான்கள். மேசைக்கு முன்னால் தொங்கவிடும், நீலப் பூத்தையல் போட்ட மேசைத் திரை ஒன்று. பச்சையும் நீலமும் வெள்ளையுமாக மணி கோத்த செருப்பு ஒரு ஜோடி. தேடித் தேடிப் பார்த்தாலும் சிவப்பு ஒரு பொட்டு இல்லை. ரோஸ் இல்லை, மஞ்சள் இல்லை.

யோலந்தாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "பாத்தீங்களா அங்கிள்! இந்த வீட்டுக்குன்னு ஒரு நிறம் இருந்திருக்கு!"

ஆ ஹுவாட் அலமாரிக்கு எதிரே நின்று தலையைச் சொறிந்தார். "இதுவா மிஸ்? இதையா எடுக்கப் போறீங்க?"

"இதைத்தான்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்!"

மேசைத் திரையின் பூவை அப்படியே பெரிதாக்கிக் கட்டில்களின் தலைப்பலகையில் நீலத்தில் வரைந்தாள். அடுப்படிச் சுவருக்கு நீலமும் வெள்ளையுமான ஓடு. செருப்பின் பச்சையை எடுத்து ஜன்னல் பலகைகளுக்கு அடித்தாள். நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. வாசல் நிலைக்கு மேலே நீலத் துணியில் ஒரு தோரணம். இரண்டு பக்கமும் எழுத்தில்லாத வெள்ளைக் கூண்டு விளக்குகள். மாலை வெயில் முற்றத்தில் இறங்கும்போது அந்த வீடு கழுவிவைத்த கிண்ணம் மாதிரி குளிர்ந்து கிடந்தது. அவள் செய்ததிலேயே சிறந்த வேலை இதுதான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. படங்களைக் கோலாலம்பூரில் இருந்த பூன் தெக்குக்குப் போனில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவருக்குப் போனில் படம் திறக்கத் தெரியாது. கௌரவம் பார்த்து அதைச் சொல்லாமல், "ரொம்ப அழகு" என்று மட்டும் பதில் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் ஊரில் விரல் வலி பரவியது.

நூலோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் கோப்பிக் கடை வைத்திருந்த கிம் ஆண்டி ஒருநாள் காலையில் தன் கதவு நிலையில் ஒரு சிவப்புக் காகிதத்தை ஒட்டியிருந்தாள்.

"ஆண்டி, இது எதுக்கு?"

"அழகுக்கு."

"நேத்து இல்லையே?"

"நேத்து அழகு வேணாம்னு இருந்தேன். இன்னிக்கு வேணும்னு தோணிச்சு. உனக்குக் கோப்பி சூடாவா, ஐஸா?"

"ஆண்டி, பக்கத்து வீட்டுல சாவு விழுந்தாத்தானே இப்படி ஒட்டுவாங்க? யாரு ஆண்டி? அந்தப் பக்கத்து மருந்துக்கடைத் தாத்தாவா?"

"அடச்சீ, வாயக் கழுவு! அந்தாளு இப்பத்தான் ரெண்டு முட்டை சாப்ட்டுட்டுப் போறாரு." கிம் ஆண்டி பால் கரண்டியை வேகமாகத் தட்டினாள். "ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. உங்க வாசல்ல சிவப்பா ரெண்டு விளக்கு போட்டா என்ன? எடுப்பா இருக்குமே."

யோலந்தாவுக்குச் சுள்ளென்று ஏறியது. இந்தச் சிவப்புப் பல்லவியை ஒரு வாரமாக எல்லாருமே பாடுகிறார்கள். திரைச்சீலை தைக்கிற பெண் வீட்டுக்குள் வராமல் ஜன்னல் வழியாகவே துணியைக் கொடுத்துவிட்டு, "ஓரத்துல சிவப்பு நாடா வெச்சுத் தரவா, காசு வேணாம்" என்றாள். மின்வேலைக்காரன் சிவப்பு பல்பு போடட்டுமா என்று கேட்டான். ஆ ஹுவாட்டோ தினமும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"முன்னறைல ஒரு சிவப்புப் பாய் மிஸ். பெருசா வேணாம்."

"வேணாம்."

"சின்னத் தலையணை? சோபா மூலையில, கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத தலையணை எதுக்கு அங்கிள்? ஒரு சிவப்புப் பொத்தான்கூட இந்த வீட்டுக்குள்ள வராது. சீனர் வீடுன்னா சிவப்பா? நீங்ககூட அந்த ஹோட்டல்காரங்க மாதிரியே பேசுறீங்களே."

"ஹோட்டல்காரன் மாதிரி இல்ல மிஸ். நான்..." அவர் வாயைத் திறந்தார். நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்பதுபோல் குரலைத் தணித்து, "பந்தாங் மிஸ், ஆகாது. வாய்விட்டுச் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

எதைச் சொல்லக் கூடாது? யாரிடம் சொல்லக் கூடாது? யோலந்தாவுக்கு மண்டை காய்ந்தது. முதலில் வேலையில் கோளாறோ என்று நினைத்தாள். சுவர்களைத் தட்டிப் பார்த்தாள், குழாய்களைத் திறந்து பார்த்தாள். அப்புறம் தன் மேல்தான் ஏதாவது கோளாறோ என்று சந்தேகம் வந்தது. அவள் உள்ளே வந்தால் வேலையாட்கள் பேச்சை நிறுத்தினார்கள், சிரிப்பை அடக்கினார்கள். ரேடியோவைக்கூட அணைத்துவைத்தார்கள். இத்தனை மரியாதையை அவள் கேட்கவே இல்லை. ஊர் முழுக்க ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது புரிந்தது. அது என்ன என்று மட்டும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! ஒருநாள் மாடி அறையில் நீலப் பூவுக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அதைப் பார்த்துவிட்ட பெயின்டர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள். அவளுக்கு அழுகை நின்று பயம் வந்துவிட்டது.

துவா சி வரும் நாளும் வந்தது. பூன் தெக் முந்தின நாளே வந்திருக்க வேண்டும். விமானம் தவறி, அன்று காலைதான் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து இறங்கினார். யோலந்தா நல்ல உடையில் வாசலில் நின்றாள். உள்ளே மேசையில் பலகாரத் தட்டு. ஆ ஹுவாட் புதுச் சட்டை போட்டிருந்தார்.

காரை விட்டு இறங்கிய பூன் தெக் தெருவிலேயே நின்றுவிட்டார். வெள்ளை விளக்குகளைப் பார்த்தார். நிலைக்கு மேலே நீலத் துணியைப் பார்த்தார். திறந்த கதவு வழியாக உள்ளே தெரிந்த வெள்ளை உறை போட்ட நாற்காலிகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அங்கிள்?" என்றாள் யோலந்தா. "எப்படி இருக்கு?"

"யாரு... யாரு உனக்கு இப்படி வைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல அங்கிள். வீட்டுல கிடைச்ச சாமானப் பாத்துச் செஞ்சேன். உங்கம்மா இருந்தப்ப இருந்த மாதிரி."

"எங்கம்மா இருந்தப்ப இல்லம்மா..." அவர் முடிக்கவில்லை. சந்தின் முனையில் ஒரு டாக்சி திரும்பியது. "ஐயோ, வந்துட்டா. கதவச் சாத்து! ஆ ஹுவாட், விளக்க இறக்கு! சீக்கிரம்லா! அவ கண்ணுல படக் கூடாது!"

எழுபதைத் தொட்ட மனிதர் குழந்தை மாதிரி உள்ளே ஓடினார். கதவின் ஒரு பலகையை அவரே பிடித்துத் தள்ளினார். இன்னொன்றை ஆ ஹுவாட் தள்ளினார். கனத்த பழைய பலகைகள் முனகிக்கொண்டே நெருங்கின. டாக்சி வந்து நின்றது. ஒட்டவெட்டிய நரைமுடியும் சாதாரணக் கவுனுமாக ஒரு மெலிந்த கிழவி இறங்கி நிமிர்ந்தாள். அவள் கண் முதலில் பார்த்தது மூடுகிற கதவைத்தான்.

கதவைத் தள்ளிய பூன் தெக்கின் கை அப்படியே நின்றது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும். அவர் உதடு கோணிக்கொண்டது. "இல்ல, துவா சி, இல்ல..." என்று ஏதோ உளறிக்கொண்டே கதவை உள்பக்கமாக இழுத்து, சுவரோடு சுவராகப் படாரென்று திறந்துவிட்டார்.

கிழவி திறந்த வாசலைப் பார்த்தாள். விளக்குகளைப் பார்த்தாள். நீலத் துணியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முடிந்தது கதை, திரும்பிப் போகப்போகிறாள், வீடு போச்சு என்று நினைத்தாள் யோலந்தா.

குவாட் நியோ செருப்பைக் கழற்றினாள். அஞ்சடியின் ஓரத்தில் அதை ஜோடியாக வைத்தாள். அப்படியே முழங்காலில் விழுந்தாள்.

கால் இடறிவிட்டது என்று நினைத்து யோலந்தா தூக்க ஓடினாள். கிம் ஆண்டி எங்கிருந்தோ வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தொடாத. அவங்க போகட்டும்."

கிழவி முழங்காலால் நகர்ந்தாள். அஞ்சடித் தரையில் கைகளை ஊன்றி, ஒவ்வோர் அடியாக வாசற்படியை நோக்கிப் போனாள். படியைத் தொட்டதும் அவள் நெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"அம்மா! நான் வந்துட்டேம்மா! லேட்டாயிடுச்சும்மா! உள்ள விடலம்மா என்ன... நான் வாசல்லதாம்மா நின்னேன், அங்கதாம்மா நின்னேன்!"

படியைத் தாண்டினாள். உள்ளே பூன் தெக் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார். ஆ ஹுவாட் சுவரோரமாக ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டார். பெயின்டர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கிம் ஆண்டியின் கடையில் அடுப்பு அணைந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யோலந்தா மட்டும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றாள்.

"ஆண்டி, என்ன நடக்குது? கெஞ்சிக் கேக்கறேன், யாராவது சொல்லுங்க."

"பெத்தவ செத்துப் பிந்தி வர்ற பொண்ணு இப்படித்தான் வீட்டுக்குள்ள போகணும். எங்க வழக்கம்." கிம் ஆண்டி மூக்கை உறிஞ்சினாள். "சாவு வீட்டுக்கு வர்ற மாதிரிதான் வந்திருக்காங்க. நீதான் சாவு வீடா வெச்சிருக்கியே."

"நானா?"

"நீலம், வெள்ளை, பச்சை. இங்கயே ஊறிப்போன பாபா சீனர் குடும்பத்துல அது துக்கத்துக்குக் கட்டுற நிறம்மா. கல்யாணச் சாமான் ரோஸும் சிவப்புமா தகதகன்னு இருக்கும். அதுக்கு வியாபாரிங்க கியூவுல நிப்பாங்க, இந்த வீட்டு அப்பா எல்லாத்தையும் வித்துத் தின்னுட்டாரு. சாவுச் சாமான யாரு வாங்குவா? அதான் அலமாரில கிடந்துச்சு. அவங்கம்மா செத்தப்ப வெளிய எடுத்தது. நீ அத எடுத்து ஒம்பது ரூமுக்கும் வெச்சுட்ட."

யோலந்தாவுக்குத் தலைப்பலகைப் பூக்கள், அடுப்படி ஓடுகள், வெள்ளை உறை போட்ட நாற்காலிகள் எல்லாம் ஒரேயடியாகக் கண் முன்னால் புரண்டன. "ஏன் ஆண்டி ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?"

"திறக்கப் போற வீட்டுல நின்னு அந்த வார்த்தைய எப்படி வாய் விட்டுச் சொல்றது? சொன்னா வந்து உக்காந்துக்குமே! ஆளாளுக்குச் சிவப்பு சிவப்புன்னு கத்தினோம். நீ காதுல வாங்கினியா?"

உள்ளே அழுகை மெல்ல ஓய்ந்தது. பூன் தெக் அக்காவைத் தூக்கி வெள்ளை உறை போட்ட நாற்காலியில் உட்காரவைத்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கிழவி குடித்தாள், முகத்தைத் துடைத்தாள், சுற்றிலும் நிதானமாகப் பார்த்தாள். அழுது முடித்த முகம் கொஞ்சம் இளசாகத் தெரிந்தது.

"இத யாரு செஞ்சது?" என்று கேட்டாள்.

யோலந்தா வாயைத் திறக்குமுன் பூன் தெக் முந்திக்கொண்டார். "நான்தான் துவா சி. உனக்காகத்தான். அன்னிக்கு நீ உள்ள வரல இல்ல, அதான், இந்தப் பொண்ணுகிட்ட சொல்லி, எல்லாத்தையும் அன்னிக்கு இருந்த மாதிரியே..."

சொல்லிக்கொண்டே யோலந்தாவை ஒரு பார்வை பார்த்தார். காலில் விழாத குறைதான் அந்தப் பார்வை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீடு பிழைத்தது, அவள் பிழைப்பும் பிழைத்தது. ஊரே பேசி வைத்துக்கொண்டு அவளிடம் மறைத்த வீட்டில், அவள் ஒரு விஷயத்தை மறைத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் எதிரே அந்தக் கிழவியின் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை.

"அங்கிள் சொல்லல ஆண்டி," என்றாள் கிழவியிடம். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. துக்கத்துக்கு ஒரு நிறம் இருக்குன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். அலமாரில கிடந்துச்சு, அழகா இருந்துச்சு, எடுத்து வெச்சுட்டேன். என்ன மன்னிச்சுருங்க. நீங்க வேணாம்னு சொன்னா..."

பூன் தெக் முகத்தை மூடிக்கொண்டார்.

குவாட் நியோ தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "இவன் சொல்றது பொய்னு அப்பவே தெரியும். இவனாவது இவ்வளவு யோசிக்கிறதாவது." பிறகு யோலந்தாவிடம் கையை நீட்டினாள். யோலந்தா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ தெரியாமத்தான் செஞ்சிருப்பேன்னு படியத் தாண்டும்போதே தெரியும்மா. தெரிஞ்சவங்க யாராவது திறக்கப் போற வீட்ட இப்படி வைப்பாங்களா?" கிழவி அவள் தலையில் கையை வைத்தாள். "அன்னிக்கு இந்த வீட்டுக்குள்ள எல்லாம் தெரிஞ்சவங்க நிறைய பேரு இருந்தாங்க. எந்தத் துணி எங்க கட்டணும், யாரு எங்க நிக்கணும், யாரு எப்படி அழணும், எல்லாம் தெரியும். அவங்கள்ல ஒருத்தருக்கும் எனக்குக் கதவத் திறந்துவிடத் தெரியல."

பூன் தெக் விரல்களுக்கு நடுவே விசும்பினார்.

"போடறேன் கையெழுத்து," என்றாள் குவாட் நியோ. "ஆனா நான் அழுதாச்சு. துக்கம் முடிஞ்சுது. நாளையிலேருந்து இந்த நீலம் ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது."

யோலந்தா தலையாட்டினாள். தான் செய்ததிலேயே சிறந்த வேலை நாளைக்கு இருக்காது என்பது மெதுவாகத்தான் மூளையில் ஏறியது. அதற்காக வருத்தப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

"எந்திரி," என்றாள் கிழவி. "எங்கம்மா படுத்திருந்த ரூம எனக்குக் காட்டு."

யோலந்தா எழுந்தாள். சுவர்களை அவளேதான் தட்டிப் பிரித்திருந்தாள், ஒவ்வொரு அறைக்கும் எண் எழுதியதும் அவள்தான். ஆனால் அது எந்த அறை என்று அவளுக்குத் தெரியாது. மாடிப்படியின் கீழே தயங்கி நின்றாள். குவாட் நியோ கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவளைத் தாண்டி முன்னால் ஏறினாள். யோலந்தா பின்னால் போனாள்.